தொண்ணூற்றைந்தாம் பக்கம்

பொரி என்று மகள் பெயர் வைத்த நாய்க்குட்டி வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், அது மூத்திரம் போக விரிப்பதற்குப் பழைய பேப்பர் இல்லாமல், குணசீலன் மனைவி எழுதிக்கொண்டிருந்த நாவலிலிருந்து நாலு தாள்களை உருவிக் கூடத்து மூலையில் போட்டான். “என்னங்க, அது நான் எழுதினது,” என்றாள் செண்பகா. “நல்லாவே வரலன்னு நீதானே தினமும் புலம்பிட்டிருந்த?” ஆமாம், அவள்தான். அழுகை வருமா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். வரவில்லை. மறுநாளிலிருந்து அவளே விரித்தாள். காலையில் சாதம் வைத்துவிட்டு, பக்க எண் வரிசைப்படி நாலு தாள். நனைந்ததைக் குப்பையில் போட்டாள், நனையாததைக் கோப்பில் திரும்ப வைத்தாள். “நாயைக் கேட்டா நாவல் எழுதுற?” என்று குணசீலன் சிரித்தான். “வேற யாரு படிக்கிறாங்க இந்த வீட்ல?” என்றாள். கோப்பு இளைத்துக்கொண்டே வந்தது. இன்று காலை பொரி நாலு தாள்களையும் மோந்து பார்த்தது. காலைத் தூக்கவில்லை, குந்தவும் இல்லை. ஒன்றின்மேல் சுருண்டு படுத்துத் தூங்கிவிட்டது. வெளியே தெரிந்தவை தொண்ணூற்று மூன்று, நான்கு, ஆறு. அப்படியானால் அடியில் இருப்பது தொண்ணூற்றைந்து. அதில் என்ன எழுதினோம் என்று யோசித்தாள். ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. “அம்மா, டிபன் பாக்ஸ் எங்க? வேன் வந்துடுச்சு!” “மெதுவா பேசுடி, தூங்குது,” என்று சொல்லிவிட்டு, அது எழுந்திருக்கட்டும் என்று செண்பகா தரையில் உட்கார்ந்தாள்.