சர்க்கரை இருக்கா?

நாற்பது நாளாகச் சர்க்கரையைத் தொடவில்லை, ராத்திரிக்கு ஒன்றரை இட்லிதான். ஆனாலும் எடை மெஷினின் முள் எழுபத்தெட்டிலேயே சட்டமாக உட்கார்ந்திருந்தது. அந்த எரிச்சலோடுதான் மங்கையர்க்கரசி மகளுக்கு வரன் பார்க்கப் போனாள்.

"உங்களுக்குச் சர்க்கரை இருக்கா?" என்று கேட்டாள் மாப்பிள்ளையின் அம்மா.

"இல்லீங்க."

காப்பி பாகாக வந்தது. டயட் என்று சொல்லக் கூச்சம். நாற்பது நாள் நோன்பு ஒரு மடக்கில் போயிற்று.

நிச்சயத்துக்கு நாள் குறிக்கப் போனபோது மாப்பிள்ளையின் அத்தையிடமிருந்தும் அதே கேள்வி.

"இருக்குங்க!" என்றாள் வெடுக்கென்று. காப்பி கசப்பாக வந்தது, நிம்மதியாகக் குடித்தாள்.

மறுநாள் தரகர் போன் செய்தார். "பரம்பரையா சர்க்கரை இருக்காமே? அவங்க வேணாங்கறாங்கம்மா."

போனை வைத்துவிட்டு மெஷின்மேல் ஏறினாள். முள் அரைக் கிலோ இறங்கியிருந்தது.