தையல்காரி கேட்ட பதில்

தையல்காரியின் தம்பி, நகரத்தை ஆண்ட மந்திரவாதியை எதிர்த்துச் சந்தையில் பேசினான்; மறுநாள் ஊமையாகத் திரும்பினான். மந்திரம் போட்டு அவன் குரலைப் பறித்திருந்தார்கள்.

காவலர்களைத் தள்ளிக்கொண்டு அரண்மனைக்குள் புகுந்த தையல்காரி, மந்திரவாதியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"எங்கடா என் தம்பி குரல்? நாசமாப் போறவனே, வாயைத் திறந்து பதில் சொல்லுடா!"

அமைச்சர் பதறி ஓடிவந்தார். "அம்மா, அவரைப் பேச வைக்காதீங்க. உங்களால தாங்க முடியாது."

"அதையும் பார்த்துடுறேன்!"

மந்திரவாதி சிரித்துக்கொண்டே வாய் திறந்தான்.

"நான் பிறவி ஊமை, அக்கா. பயந்தவன் குரல் சபையில எடுபடாது. எதிர்த்துப் பேசுறவன் குரல்தான் கணீர்னு இருக்கு."

அது அவள் தம்பியின் குரல்.

அவள் கை சட்டையை விட்டது. கழுத்தைப் பிடித்தது.