கால் அளவு

குழந்தைகளுக்கு ஷூ விற்கும் அந்த இணையதளத்தை, செல்போன் கடைக்காரர் பீர் முகமது சுகிர்தாவின் போனிலிருந்து மூன்றாவது முறையாக அழித்தார். முந்தைய இரண்டு தடவையும் அழித்துக் கொடுத்த நாலாம் நாளே அது திரும்ப வந்து, ‘ஜோயலின் கால் வளர்ந்திருக்குமே, அடுத்த அளவு பார்க்கலாமா?’ என்று கேட்டது. நேற்று மத்தியானம் அதைப் பார்த்துவிட்ட அவள் கணவன் பாதிச் சோற்றில் எழுந்து போய்விட்டான். ஜோயல் இறந்து இரண்டு வருஷமாகிறது.

“அந்த சைட்டு ஞாபகம் வச்சிருந்த குக்கீஸ் மொத்தமும் போயிருச்சும்மா. இனி இந்த போனுக்கு உங்க பையன் பேரு தெரியாது” என்றார் பீர் முகமது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அது தானா திரும்ப வராதும்மா. யாராவது உள்ள போயி பேரையும் அளவையும் போட்டாத்தான் வரும்.”

சுகிர்தா போனை வாங்கி முந்தானையில் துடைத்தாள்.

பேருந்து நிறுத்தத்தில் ஒரே வெயில். உள்ளங்கையால் திரைக்கு நிழல் கொடுத்து அந்தத் தளத்தைத் திறந்தாள். முன்பின் பார்த்திராதவளிடம் கேட்பதுபோல் அது, ‘குழந்தையின் பெயர்?’ என்றது. எழுதினாள். ‘கால் அளவு?’ என்றது. விரல் பழக்கத்தில் பத்துக்குப் போயிற்று. பத்தாம் அளவு ஷூவைப் போட்டுத்தான் அவனைப் பெட்டியில் வைத்தார்கள், நாடாவை அவள்தான் கட்டிவிட்டாள். அவளுடைய பேருந்து வந்து, நின்று, போயிற்று. அவள் விரலை மெல்ல நகர்த்திப் பன்னிரண்டைத் தொட்டாள்.