நடுவில் ஒரு கோடு

இணைய முகவரிக்கு எடுக்கக்கூடிய மூன்று பெயர்களையும் கணினித் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டுக் காட்டினேன். அக்கா கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

இணையதளம் செய்து கொடுப்பது என் தொழில். அக்கா என் வாடிக்கையாளர், ஜன்னல்களுக்குத் திரைச்சீலை தைக்கிறவர். கடையின் பெயர் நிழல்திரை. அந்தப் பெயரில் ஒரு இணையதளம் வேண்டும், அதற்கு ஒரு முகவரி வேண்டும். ஐந்து நிமிட வேலை என்று நினைத்துத்தான் வரச் சொன்னேன்.

நிழல்திரை டாட் காம் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. வைத்திருப்பவர் அவருடைய சொந்த அண்ணன்.

அப்பாவின் கடையைப் பிரித்துக்கொண்டபோது துணியையும் மிஷினையும் பிரிக்க முடிந்தது, பெயரைப் பிரிக்க முடியவில்லை. ஆளுக்கொரு தெருவில் அதே பெயரில் பலகை மாட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அக்கா இதை மறைக்கவில்லை. வந்து உட்கார்ந்ததும் சொல்லிவிட்டார்.

மிச்சம் இருந்தவை டாட் ஷாப், டாட் நெட், அப்புறம் நிழலுக்கும் திரைக்கும் நடுவில் ஒரு சின்னக் கோடு போட்ட டாட் காம்.

டாட் ஷாப்பை எடுங்கள், யாரும் குழம்ப மாட்டார்கள் என்றேன். அக்கா உதட்டைப் பிதுக்கினார்.

டாட் நெட்டும் பரவாயில்லை, சிலர்தான் பழக்கத்தில் டாட் காம் என்று அடித்துவிடுவார்கள் என்றேன். சிலர்தானா என்று கேட்டார். சிலர்தான், பயப்படாதீர்கள் என்றேன்.

அப்படியானால் கோடு போட்டது எப்படி என்றார்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை எடுப்பது சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிற வேலை என்றேன். போனில் முகவரி சொல்கிறவர் கோட்டைச் சொல்ல மறப்பார். அவர் சொன்னாலும் கேட்கிறவர் மறப்பார். இரண்டு பேருக்கும் ஞாபகம் இருந்தாலும் விரல் மறந்துவிடும். கோட்டை விட்டால் போய் இறங்குவது நேராக அண்ணனின் பக்கத்தில்தான்.

நிச்சயமாக அங்கேதான் போவார்களா என்று கேட்டார். பாதிப் பேராவது போவார்கள் என்றேன்.

இடம் மாறி வந்துவிட்டோம் என்று அவர்களுக்குத் தெரியுமா என்றார். எப்படித் தெரியும்? அதே பெயர், அதே திரைச்சீலை. ஆர்டர் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள்.

அண்ணனின் பக்கத்தைத் திறந்து காட்டச் சொன்னார். காட்டினேன். கீழே இருந்த போன் நம்பரை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்து, சரிதான் என்று தலையாட்டினார். வேவு பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். போட்டிக் கடையை நோட்டம் விடாத வியாபாரி யார்?

மேலே ஒரு திரைச்சீலையின் படம் இருந்தது. அதன் மடிப்புகளை விரலால் மெதுவாகத் தடவினார். அண்ணனைப் போல மடிப்பு எடுக்கத் தனக்கு இன்னும் வரவில்லை என்றார்.

பிறகு கோடு போட்டதையே எடுக்கச் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இவ்வளவு நேரம் சுவரோடா பேசிக்கொண்டிருந்தேன்? உங்கள் அண்ணன் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறார், உங்களைத் தேடி வருகிறவர்களை வைத்து அவர் பிழைத்துக்கொள்வார், சம்மதமா என்று கேட்டேன். குத்தலாகத்தான் கேட்டேன்.

அக்கா இஞ்ச் டேப்பின் நுனியை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

போன மாதம் ஒரு பள்ளிக்கூடத்துக்கான ஆர்டரைத் துணியோடு வேறு ஆள் மூலமாக அண்ணனுக்கு அனுப்பியிருக்கிறார். யார் அனுப்பியது என்று அவர் எப்படியோ மோப்பம் பிடித்து, துணிக்கட்டைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டாராம்.

"என் கையால குடுத்தா வாங்க மாட்டாரு, தம்பி. வழி தப்பி வந்தவங்கள வேணாம்னு சொல்ல மாட்டாருல்ல?"

உங்களுக்கு நஷ்டமாயிற்றே என்று மட்டும் சொன்னேன். நஷ்டம்தான் என்றார், மறுக்காமல்.

கோடு போட்ட பெயரைப் பதிவு செய்தேன். கையோடு விசிட்டிங் கார்டில் முகவரி எப்படி வரும் என்றும் போட்டுக் காட்டினேன். எழுந்து கிளம்பியவர் மறுபடி குனிந்து உற்றுப் பார்த்தார்.

"அந்தக் கோட்ட இன்னும் கொஞ்சம் சின்னதாக்க முடியுமா?"

சின்னதாக்கினேன். அவர் படியிறங்கிப் போன பிறகு, அதன் நிறத்தையும் கொஞ்சம் மங்கலாக்கினேன்.