கதிர் அளக்கும் பேனா

தசரதன் வெளிமாநிலத்தில், யுரேனியம் செறிவூட்டும் ஆலையில் வேலை பார்த்தார். “குண்டு செய்யவா?” என்று மனைவி பூங்காவனம் கேட்கும்போதெல்லாம், “இல்லமே, கரண்டுக்குத்தான். உன் தலமேல சத்தியம்” என்பார். தொண்ணூற்றிரண்டில் லீவுக்குக் கள்ளிக்குப்பம் வந்தவர் நெஞ்சுவலியில் போய்விட்டார். ஆலையில் கதிர்வீச்சை அளக்கக் கொடுத்த பேனா, மறதியாகச் சட்டைப்பையிலேயே வந்திருந்தது.

வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் உள்ளே மெல்லிய முள் தெரியும். காலையில் பூஜ்யத்தில் நிற்கும். சாயங்காலம் இரண்டு மூன்று கோடு ஏறியிருக்கும். ஆலைக்கு லீவான ஞாயிற்றுக்கிழமை மட்டும் நகராது. ஆறு வருஷமாக அதைப் பார்த்துவிட்டுத்தான் பூங்காவனம் அடுப்பு மூட்டினாள். யாரிடமும் சொன்னதில்லை.

தொண்ணூற்றெட்டு மே மாதம், பாலைவனத்தில் அணுகுண்டு வெடித்த மறுநாள், பக்கத்து வீட்டு லோகநாதன் லட்டோடு வந்தான். “இந்தாங்க அண்ணி! நம்ம அண்ணாத்தே கைவேலயும் அதுல கீது!”

அவள் லட்டைத் தொடவில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை, வேலை நாள். சாயங்காலம் முள் பூஜ்யத்திலேயே நின்றது. புதன்கிழமையும் நகரவில்லை.

அவர் வேலையை விட்டுவிட்டார் என்று அவளுக்குப் புரிந்தது. அங்கிருந்து ரயிலில் வர ஒரு நாள் ஆகும். வியாழக்கிழமை, கதவைத் தாழிடாமல், இரண்டு பேருக்கு உலை வைத்தாள்.