மண்டியிடும் ஓரகத்தி

முன்பனி முதிர்ந்து பின்பனியாகிறது. மரக்கிளைகளோடு மனிதர் மூட்டுகளும் இறுகுகின்றன. இயன்முறை மருத்துவ அறையின் வெளிறிய ஒளியில், இளைய ஓரகத்தி தரையில் மண்டியிட்டு, எதையும் பற்றாமல் எழுகிறாள். கட்டிலில் கால்நீட்டியிருக்கும் மூத்தவளின் வயிறு எரிகிறது. இறைவன்முன் அவள் அவ்வாறு மண்டியிட்டு ஆண்டுகளாயின. "ரெண்டு பேருக்கும் தேஞ்ச மூட்டுதானே? இவளுக்கு மட்டும் என்ன வரம்?" "வரமில்லம்மா," என்கிறார் மருத்துவர். "நீங்க வலிக்குதுன்னு படுத்துட்டீங்க. அவங்க தினமும் பயிற்சி செஞ்சு தொடைத்தசையைப் பலப்படுத்தினாங்க." இளையவள் சுருட்டிய துண்டை மூத்தவளின் முழங்காலடியில் வைக்கிறாள். "அழுத்துங்கக்கா." மூத்தவள் திருநாமங்களை உதட்டுக்குள் உச்சரித்து, நாமத்துக்கு ஒருமுறை முழங்காலால் துண்டை அழுத்துகிறாள். பிறகு இளையவளின் தலையில் கைவைக்கிறாள். "நல்லா இருடி. நான் மண்டிபோடற வரைக்கும் ரொம்ப முந்தாதே."