விசில் வரும்வரை

மறுபடியும் விசில்.

பேச்சி குனிந்து பார்த்தாள். பாண்டீஸ்வரியின் கால் இன்னும் அவள் பிடியில்தான் இருந்தது.

ரக்பியில் ஆளைச் சாய்த்ததும் விட்டுவிட வேண்டும், விடாவிட்டால் ஃபவுல். கபடியில் விட்டால் போச்சு. விசில் வரும்வரை உடும்புப்பிடிதான். பேச்சி பிறவிக் கபடிக்காரி. இந்தியாவுக்கே ஆடியவள். ரக்பிக்கு வந்து இவ்வளவு நாளாகியும் அந்தக் கைக்குப் புத்தி வரவில்லை.

எப்போதும் அப்படி இல்லை. களைத்துப்போன நேரத்தில், கோட்டுக்குப் பக்கத்தில், யாராவது நேராக வந்து மோதினால் மட்டும்.

அது பாண்டீஸ்வரி ஒருத்திக்குத்தான் தெரியும்.

பள்ளிக்கூடக் கபடியில் பக்கத்தில் நின்று கைகோத்தவள். ரக்பிக்கு இழுத்து வந்தவளும் அவளே. மைதானம் காலியான பிறகும் "விடுடி, விடுடி" என்று தொண்டை வறளக் கத்திப் பழக்கியவள்.

இன்று தேர்வு ஆட்டம். இந்திய ரக்பி அணியில் ஓரிடம்தான் பாக்கி. இவர்கள் இருவரும் எதிரெதிர் அணியில்.

முதல் முறை பாண்டீஸ்வரி வந்து மோதியபோது, ஆட்டம்தானே என்று நினைத்தாள். இரண்டாம் முறை மனசு என்னவோ செய்தது. ஓரமாக நின்ற தேர்வாளர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள்.

இந்த முறை இடப்பக்கம் ஆளே இல்லை. பந்தோடு நடந்தே கோட்டைத் தாண்டியிருக்கலாம். பாண்டீஸ்வரி அந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள். நேராக இவளிடமே ஓடி வந்தாள்.

கூடவே இருந்து குழி பறிப்பது என்றால் இதுதானா?

ஆட்டம் முடிந்து பாண்டீஸ்வரியின் பெயரைப் படித்தார்கள்.

எல்லோரும் கைதட்டினார்கள். பேச்சியும் தட்டினாள்.

பாண்டீஸ்வரி பக்கத்தில் வந்து உட்கார்ந்து அழுதாள். அந்த அழுகையில் பொய் இல்லை. பிறகு, வாய் பிளந்த தன் பூட்ஸைக் காட்டினாள். நாளைக்கே முகாமுக்குக் கிளம்ப வேண்டும். இருவருக்கும் ஒரே அளவு.

"ஒனக்குக் கபடி இருக்குல்லடி பேச்சி. அங்க ஒன் பூட்ஸ் ஆகாதுல்ல. எனக்குக் குடுத்துட்டுப் போயேன்."

கபடி இருக்கிறதாம்.

போன மாதம் கபடி முகாமுக்குக் கூப்பிட்டார்கள். போகாதே, ரெண்டு பேரும் ஒன்றாக ரக்பியில் இந்தியாவுக்கு ஆடுவோம் என்று அழுது தடுத்தது யார்? அந்த இடத்துக்கு வேறொருத்தி போய்ச் சேர்ந்தும் ஆயிற்று.

பேச்சி குனிந்தாள். காலில் இருந்த பூட்ஸின் கயிற்றை இறுக்கி, இன்னொரு முடிச்சுப் போட்டாள். பையை எடுத்துக்கொண்டாள்.

வாசலில் ஷேர் ஆட்டோ நின்றது. ஏறவில்லை.

அடியில் குமிழ் வைத்த புல்தரை பூட்ஸ். தார் ரோட்டில் நடந்தால் தேய்ந்து ஒன்றுக்கும் ஆகாது.

பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே போனாள்.